ஐப்பசிப் பட்டம்: செட்டிகுளத்தில் இருந்து கோவை வரை வெங்காயக் காட்டு வழியே

ஞாயிறு, செட்டிகுளம்

திருச்சியில் பஸ் ஏறி, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கி, மேற்கே செட்டிகுளத்துக்கு டவுன் பஸ் பிடித்தேன். ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகிறது. சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நடுநடுவே பருத்தி. வெங்காயக் காடுகள் மட்டும் வெறும் மண்ணாகக் கிடக்கின்றன. உழுது, எரு கொட்டி, பார் பிடித்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். நட வேண்டியதுதான் பாக்கி.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளைவது பெரம்பலூர் மாவட்டத்தில்தான். செட்டிகுளம், இரூர், நாரணமங்கலம், எசனை என்று எந்த ஊர்ப் பக்கம் போனாலும் பேச்சு வெங்காயத்தில் வந்து நிற்கும். வருஷத்துக்கு இரண்டு பட்டம், அதாவது நடவுப் பருவம். வைகாசி வாக்கில் ஒன்று, ஐப்பசி வாக்கில் ஒன்று. இந்த முறை நான் வந்தது ஐப்பசி நடவைப் பார்க்கவும், நடவுக்கு முன்னால் இங்கே நடக்கும் பயிற்சி வகுப்பில் உட்காரவும். பிறகு சந்தை, அப்புறம் கோவை என்று வெங்காயம் போகும் பாதையிலேயே போகலாம் என்று திட்டம்.

தங்கியிருப்பது மாமா வீட்டில். போனதும் காபியைக் கொடுத்துவிட்டு நேராகக் காட்டுக்குக் கூட்டிப் போனார். வைகாசிப் பட்டத்துக் காயைப் பட்டறை போட்டு வைத்திருக்கிறார். பட்டறை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தரையில் இருந்து ஒரு முழ உயரத்துக்குக் கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, இரண்டு பக்கமும் படல் கட்டி, உச்சியில் தென்னங்கீற்று வேய்ந்த நீளமான அமைப்பு. அகலம் குறைவாக இருக்கும், அப்போதுதான் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும். பட்டறையைக் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே போடுவார்கள். காயின் மேலுள்ள இலைத்தாளை அறுக்காமல், நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே காயை உள்ளே வைப்பார்கள். அப்படி வைத்தால் மூன்று நான்கு மாதம் தாங்கும். ஈரத்தோடு வைத்தால் முதல் மாதத்திலேயே உள்ளே சூடு ஏறி அழுகல் வாடை வந்துவிடும்.

மாமா படலை ஒதுக்கி, கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு கொத்தை எடுத்தார். ஒவ்வொரு காயாக அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்ததை ஒரு பக்கம், அடிப்பகுதி மெத்தென்று இருந்ததை இன்னொரு பக்கம். மெத்தென்று இருந்ததை நகத்தால் கீறியபோது வேர் கிளம்பும் தட்டு பழுப்பாகிப் போயிருந்தது. "இத நட்டா காடே போயிரும் மாப்ள" என்றார். அடித்தாள் அழுகல். ஃபியூசேரியம் என்ற பூஞ்சணம் செய்யும் வேலை. இந்தப் பூஞ்சணம் மண்ணிலும் வாழும், நடுவதற்கு எடுக்கும் விதைக்காயிலும் ஒளிந்துகொண்டு அடுத்த காட்டுக்குப் பயணம் போகும்.

ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக்காய் வேண்டும். கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் காயை மண்ணில் ஊன்றும் முன்பே 30,000 ரூபாய் போய்விடுகிறது. அதனால்தான் விதைக்காய் பொறுக்கும்போது யாரும் அவசரப்படுவதில்லை. அத்தையும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் சாக்கை விரித்து உட்கார்ந்து சாயங்காலம் வரை பொறுக்கினார்கள்.

திங்கள், செட்டிகுளம் பக்கம்

காலையில் பயிற்சி. மண்டபம், மேடை, பேனர் எதுவும் இல்லை. ஒரு விவசாயியின் காட்டோரம், வேப்பமரத்தடியில். வயல்வெளிப் பள்ளி என்று அழைக்கிறார்கள். இந்த முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1989இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளிடம் தொடங்கியது. பாடத்தை வகுப்பறையில் சொல்லாமல், பயிர் நிற்கும் இடத்தில், பயிர் வளரும் காலம் முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நம் பக்கத்திலும் இதற்கு நல்ல வேர் இருக்கிறது. விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் மையங்களில் இந்தியாவின் முதலாவது 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. பெரம்பலூர் மாவட்டத்துக்கு வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது.

வந்திருந்த அலுவலர் இளைஞர். பேச்சைக் குறைத்து, செய்து காட்டுவதில்தான் நேரத்தைச் செலவிட்டார். முன்பட்டமாக நட்டிருந்த காட்டுக்குள் எங்களை இறக்கினார். ஒரு செடியை வளைத்து, வெள்ளைத் தாளை அடியில் பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டினார். தாளில் எள்ளில் பாதிகூட இல்லாத மஞ்சள் பூச்சிகள் விழுந்து ஓடின. இலைப்பேன். இலைகள் பிரியும் கணுவுக்குள் பதுங்கி இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. இலை வெள்ளி பூசியதுபோல் மாறிய பிறகுதான் பலர் மருந்தைத் தேடுகிறார்கள். அதற்குள் இலையில் ஆயிரம் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறல் வழியாக ஊதா நிறக் கருகல் நோய் சுலபமாக உள்ளே நுழையும்.

அடுத்து அவர் செய்து காட்டியது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. சொம்பில் இருந்து கொஞ்சம் தண்ணீரை ஒரு வெங்காய இலைமேல் ஊற்றினார். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு தரையில் விழுந்தது. இலை நெட்டுக்குத்தாக, உருளையாக, மெழுகு பூசினாற்போல் இருப்பதால் ஒரு சொட்டும் நிற்கவில்லை. அடுத்து தண்ணீரில் ஒட்டு திரவம் சில துளி கலந்து அதே இலையில் ஊற்றினார். இலை முழுக்கப் படர்ந்து நனைந்தது. "ஒட்டு திரவம் கலக்காம அடிக்கிற மருந்து யாருக்குப் போகுதுன்னு பாத்துக்குங்க" என்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை வருஷத்து மருந்துச் செலவு அவர் மனதில் ஓடியதோ.

பட்டத்தின் கணக்கை அவர் விளக்கிய விதமும் தெளிவாக இருந்தது. வெயில் காய்ந்து காற்று வறண்டால் இலைப்பேன் பெருகும். மழை அடித்தால் பேன் கழுவிக்கொண்டு போகும், ஆனால் ஈரம் பிடித்துக்கொண்டு பூஞ்சண நோய் கிளம்பும். ஆகவே வைகாசிப் பட்டத்தில் பேனைப் பார், ஐப்பசிப் பட்டத்தில் வடிகாலைப் பார். நீலநிற ஒட்டுப்பொறி, காட்டைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு வரிசை, வரப்பில் ஆமணக்கு. எருவோடு கலந்து இட ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணம் ஏக்கருக்கு ஒரு கிலோ. வெங்காயம் எடுத்த காட்டிலேயே திரும்ப வெங்காயம் வேண்டாம், நடுவில் மக்காச்சோளமோ வேறு தானியமோ போடுங்கள் என்றார்.

கேள்வி நேரத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் பெண்கள் மூன்றே பேர். விதைக்காய் பொறுக்குவது பெண்கள், ஊன்றுவது பெண்கள், களை எடுப்பது பெண்கள், காய் பிடுங்கித் தாள் அறுப்பது பெண்கள். அடித்தாள் அழுகிய காயை முதலில் தொடும் கை அவர்களுடையதுதான். வகுப்பு நடந்த பதினொரு மணிக்கு அவர்கள் எல்லோரும் பக்கத்துக் காட்டில் கூலிக்குப் போயிருந்தார்கள். அந்த வகுப்பைச் சாயங்காலம் வைத்தாலோ, விதைக்காய் பொறுக்கும் பட்டறை நிழலிலேயே வைத்தாலோ பலன் இரட்டிப்பாகும். அலுவலரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, அடுத்த வகுப்பைப் பட்டறையடியில் வைக்க மாமாவிடமே இடம் கேட்டார். மாமா உடனே சரி என்றார்.

செவ்வாய், செட்டிகுளம்

விடிய விடிய மழை. ஐப்பசி அடைமழை என்று சொல்வது சும்மா இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதை வைத்துத்தான் இந்தப் பட்டத்தின் கணக்கே. மழைக்கு முன் ஊன்றிய காய் வேர் பிடித்திருந்தால் தாங்கும். ஊன்றிய இரண்டாம் நாளே தண்ணீர் தேங்கினால் காய் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். முன்பட்டமாக நட்டவர்களுக்கு விலை நன்றாகக் கிடைக்கும், ஆனால் மழை வளர்ந்த பயிரை அடிக்கும். பின்பட்டமாக நட்டால் மழைக்குப் பயமில்லை, அறுவடை நேரத்தில் எல்லோர் காயும் சேர்ந்து சந்தைக்கு வரும். பெரியவர்கள் மேகத்தையும் காற்றையும் பார்த்து நாள் குறித்தார்கள். இப்போது மழை சில வருஷம் பிந்துகிறது, சில வருஷம் மாத மழை இரண்டே நாளில் கொட்டுகிறது. அந்தக் கணக்குக் கை கொடுப்பதில்லை என்று ஊரில் பலரும் சொன்னார்கள்.

மழை விட்டதும் மாமாவோடு காடுகளைச் சுற்றினேன். இங்கே கரிசல் மண் அதிகம். ஒட்டிக்கொண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டியதுதான். ஒரே மழைதான் பெய்திருக்கிறது. ஆனால் சாதாரணப் பாத்தி கட்டிய காட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்துக் காட்டுக்காரர் அகலமான மேட்டுப்பாத்தி போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து நட்டிருக்கிறார். அங்கே தண்ணீர் ஓடையில் இறங்கிவிட்டது, பாத்தியின் மேல்மண் பொலபொலவென்று இருந்தது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் தமிழக அரசு தருகிறது. விண்ணப்பம் போட்டு நடவுக்கு முன்னால் கையில் கிடைத்தால்தான் பயன், அதனால் ஆடியிலேயே அலைய ஆரம்பித்துவிட வேண்டும் என்றார் அவர்.

கொஞ்சம் தள்ளி, புரட்டாசி தொடக்கத்தில் நட்ட ஒரு காடு. அங்கேதான் திருகல் நோயைப் பார்த்தேன். இங்கே கோழிக்கால் நோய் என்றும் சொல்வார்கள். இலைகள் நேராக நிற்காமல் முறுக்கிக்கொண்டு, வெளிறி, மண்ணில் சாய்ந்து கிடந்தன. ஒரு செடியைப் பிடுங்கினார் மாமா. கழுத்துப் பகுதி இயல்புக்கு மேல் நீண்டிருந்தது. அடியில் காய் கட்ட வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் தடிமனில் வெறும் தண்டு. கொலிட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சணம். சூடும் ஈரமும் சேர்ந்தால் மழைத்துளி தெறிக்கும் தூரமெல்லாம் பரவும். அந்தக் காட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "என்னங்க அடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை. நோய் வந்த செடிகளை வேரோடு எடுத்து அழித்து, தண்ணீரை வடித்துவிட்டு, மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

நேற்றைய வகுப்பில் சொன்ன ஒவ்வொரு விஷயமும் இவருக்குப் புரட்டாசி பிறக்கும் முன்பே தேவைப்பட்டது. எந்தக் காய், எந்த நிலம், எப்படிப்பட்ட பாத்தி என்ற மூன்றையும் நடவுக்கு முன் மட்டுமே மாற்ற முடியும். வெங்காயப் பயிற்சியின் தேதியை நிதியாண்டைப் பார்த்துப் போடக் கூடாது, பட்டத்தைப் பார்த்துப் போட வேண்டும். வைகாசிக்கு ஒரு மாதம் முன்னால் ஒன்று, ஐப்பசிக்கு ஒரு மாதம் முன்னால் ஒன்று. இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பயிர்க் காப்பீடும் இதே கதைதான். தோட்டக்கலைப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் விவசாயியின் பங்கு. மழை கொட்டிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. அந்தக் காட்டுக்காரர் இந்தப் பட்டத்துக்கு இன்னும் கட்டியிருக்கவில்லை.

புதன், திண்டுக்கல்

விதைக்குப் பொறுக்கியது போக மிச்சக் காயை மாமாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். இரவில் கிளம்பி விடிகாலை திண்டுக்கல் வெங்காயப் பேட்டை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் சந்தை. மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளித் தரையில் கொட்டி, நிறம், பருமன், தோலின் பளபளப்பு மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்து விலை சொல்கிறார்கள். நன்கு உலர்ந்த காய் விழும்போது சலசலவென்று ஓசை கேட்கிறது. ஈரக்காய் மந்தமாக விழுகிறது. வியாபாரிக்கு அந்த ஓசையே போதும். மழையில் நனைந்த மூட்டைகளைக் கடைசியில்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கிருந்து இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வரை காய் போகிறது. அந்தக் கதவு திறப்பதும் மூடுவதும் வட இந்திய வெங்காய விலையைப் பொறுத்தது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள். அந்த டிசம்பரில் முழுத் தடையே வந்தது. 2024 மே மாதம் தடை நீங்கி, செப்டம்பரில் வரி பாதியாகி, 2025 ஏப்ரல் 1 அன்று வரி முழுதும் எடுக்கப்பட்டது. நாசிக் பக்கம் பல்லாரி என்ற பெரிய வெங்காயத்தின் விலை ஏறியதற்காகப் போட்ட தடை, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. இரண்டும் வேறு பயிர் முறை, வேறு சந்தை, வேறு சமையல். ஏற்றுமதிக் கணக்கில் சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று நம் விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மிக நியாயமான கோரிக்கை.

மாமாவுக்கு எதிர்பார்த்த விலையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் கிடைத்தது. கமிஷன், இறக்குக் கூலி, வண்டி வாடகை எல்லாம் போகக் கையில் வந்ததை எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நடவு ஆள்கூலிக்கு ஆச்சு" என்றார்.

வியாழன், ஒட்டன்சத்திரம், பல்லடம்

ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு மணி நேரம்தான் நின்றோம். கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி நின்றன. தக்காளி, முருங்கை, கத்தரி நடுவே வெங்காயமும் ஏறியது. தாராபுரம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே பல்லடம் பக்கம் வந்தோம். இங்கே செம்மண், சரளை கலந்தது, தண்ணீர் உடனே வடியும். மாமா பொறாமையோடு குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தார். பட்டறைகளும் எங்கள் ஊரைவிட நேர்த்தி. பக்கங்களில் படலுக்குப் பதில் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மானியத்தில் கட்டிய 25 டன் கிடங்கைப் பார்த்தோம். செலவில் பாதியை அரசு தருகிறது. உரிமையாளர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை அழுகல் பொறுக்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தார். மாமா அதை என் நோட்டில் எழுதச் சொன்னார். எந்த அலுவலர் வகுப்புக்கும் குறையாத பாடம் அது.

வெள்ளி, கோயம்புத்தூர்

வேளாண்மைப் பல்கலைக்கழகம். சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளியின் தொடர்ச்சி. 1906இல் கோவைக்கு வந்தது, 1971இல் பல்கலைக்கழகமானது. ஒவ்வொரு வருஷமும் இங்கே உழவர் தின விழா நடக்கும்போது ஊர் ஊராக வண்டி கட்டி வருவார்கள். நாங்கள் வந்தது சாதாரண நாள். வளாகம் அமைதியாக இருந்தது, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் கிடைத்தது.

மாமா வந்த காரியம் கோ 5 விதை. சின்ன வெங்காயம் பொதுவாகக் காயை ஊன்றித்தான் வளர்ப்பது. இந்த ரகம் நன்றாகப் பூத்து விதை பிடிக்கும், அந்த விதையில் இருந்தே நாற்று விட்டு நடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். 600 கிலோ காயைச் சுமந்து, பொறுக்கி, அதோடு நோயையும் சுமந்து வரும் தொல்லை குறையும். ஆனால் நாற்றங்கால் வேலை புதிது. மேட்டுப்பாத்தியில் விதைத்து, 40, 45 நாள் காத்திருந்து, வேர் அறாமல் எடுத்து நட வேண்டும். காயை ஊன்றிய பக்கத்துக் காட்டுக்காரர் அதற்குள் பாதிக் காலத்தைத் தாண்டிவிடுவார்.

மாமா விதை கொடுக்கும் மேசை முன் நின்று விரல்விட்டு எண்ணினார். இன்று நாற்றங்கால் போட்டால் கார்த்திகைப் பாதிக்கு மேல் நடவு. பெருமழை அநேகமாக முடிந்திருக்கும். தை, மாசிப் பனியில் வளரும். அறுவடை பங்குனி வெயிலுக்கு வரும், காய் நன்றாக உலரும், பட்டறையில் நிற்கும். சந்தை எப்படி இருக்கும் என்பதுதான் தெரியவில்லை. அதற்கும் இங்கேயே ஒரு பிரிவு இருக்கிறது, பட்டத்துக்கு முன்னால் சின்ன வெங்காயத்துக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். அதைக் கேட்டு வாங்கி, மடித்து, காப்பீட்டு விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்தார்.

முழு ஏக்கருக்கும் எடுக்கவில்லை. கால் ஏக்கருக்கு மட்டும் விதை, மீதி முக்கால் ஏக்கருக்கு அத்தை பொறுக்கிய காய். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் ஊருல நாலு பேரு நம்புவாங்க" என்றார். திருகல் விழுந்த காட்டுக்காரருக்கும் சேர்த்து இன்னொரு பொட்டலம் வாங்கினார். அடுத்த வகுப்பு பட்டறையடியில், அடுத்த திங்கள் சாயங்காலம் நாலு மணிக்கு. அந்தப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.